மிளகுக் களத்து வெயில்

1

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த படிவம் நான்கு பக்கம். என் மகள் தாரணியின் வகுப்பை வெள்ளிக்கிழமை மலைக்குப் பனிச்சறுக்கு விளையாட அழைத்துப் போகிறார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடும் பயணம். அதற்கு நான்கு பக்கம், ஏழு இடத்தில் கையெழுத்து. என் கல்யாணத்தைப் பதிவு செய்தபோதுகூட நான் இத்தனை கையெழுத்துப் போட்டதில்லை.

கால்கரி என்ற இந்தக் குளிர் நகரத்துக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. படிவம் நிரப்புவது இந்த நாட்டில் பல் துலக்குவதைப் போல ஒரு வழக்கம் என்பது பழகிவிட்டது. முதல் இரண்டு பக்கத்தை டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. பிள்ளைக்குத் தோல் சம்பந்தமான தொந்தரவு உண்டா, வெயிலால் காயம் பட்டதுண்டா, பட்டிருந்தால் எப்போது, எதனால்?

பனியில் விளையாடப் போகிறவளிடம் வெயிலைப் பற்றி என்ன கேள்வி என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்த ஆள்தான். எப்போது என்பதற்குப் பதில் சுலபம், போன வருஷம் ஜனவரி. எதனால் என்பதற்கு ஓர் அங்குல உயரத்தில் ஒரு பெட்டி விட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அது காலியாகக் கிடக்கிறது. நாளைக்குப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும்.

2

தாரணிக்குப் பதினைந்து வயது. பதினோரு வயதில் அவள் இடது புருவத்துக்கு மேல் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பிறகு இரண்டு புறங்கையிலும், கடைசியாகப் பிடரியிலும் வந்தது. டாக்டர்கள் இதை வெண்புள்ளி என்கிறார்கள். தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். குஷ்டம் என்று முடிகிற அந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே வரும்.

இங்கே அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி அவள் கையில் இருக்கும் வெள்ளைத் திட்டின் ஓரத்தைப் பேனாவால் கோடிழுத்து, இது ஒரு தீவு, இது ஒரு தீவு என்று பெயர் வைத்து விளையாடியதை ஒருநாள் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் பார்க்காதவன்போல உள்ளே போய்விட்டேன்.

டாக்டர் சொன்ன ஒரே கட்டளை, வெயில் அந்த இடங்களில் படக் கூடாது. தோலின் நிறம்தான் வெயிலைத் தடுக்கிறது, நிறம் இல்லாத இடத்துக்குத் தடுப்பு இல்லை, அதனால் சன்ஸ்கிரீன் பூச வேண்டும் என்றார். கோடையில் மட்டுமா என்று கேட்டேன். குளிர்காலத்தில் இன்னும் கவனமாக என்றார். பனி விழுந்த தரை வெயிலை மேலே திருப்பி அடிக்கும், தலையில் தொப்பி இருந்தாலும் தாடைக்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும் கருகும் என்று பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். மனசுக்குள், இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் எங்கள் வீட்டு வாசல் அலமாரியில், கையுறைக்கும் கம்பளித் தொப்பிக்கும் நடுவில், வருஷம் முழுக்க ஒரு சன்ஸ்கிரீன் டியூப் நிற்கும். வெளியே மைனஸ் இருபது இருக்கும்போது தாரணி கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்கும் கைக்கும் பூசுவாள். காலையில் முதல் வேலை அதுதான். நான் கிண்டல் செய்வேன். மூக்கில் சளி உறைகிற குளிரில் என்ன வெயிலைக் கண்டுவிட்டாய் என்பேன். அவள் ஆங்கிலத்தில் ஏதோ திருப்பிக் கொடுப்பாள். பிறகு டியூபை என்னிடம் நீட்டிவிட்டு, திரும்பி நின்று, பின்னலைத் தூக்கிப் பிடிப்பாள். பிடரித் திட்டு அவள் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பூசுவது என் வேலை.

எங்களுக்குள் அந்த ஒரு நிமிஷம்தான் மிச்சமிருந்தது. பள்ளி, போன், சிநேகிதிகள் என்று அவள் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தாள். அது எந்த அப்பனுக்கும் நடப்பதுதான். ஆனாலும் காலையில் அந்தப் பின்னல் தூக்கப்படும் வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

3

என் அக்கா கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்ற ஊரில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகனுக்குப் போன வருஷம் தை மாதம் கல்யாணம். நான் தாய்மாமன். சீர்த் தட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியவன். அதனால் தாரணிக்குப் பள்ளியில் மூன்று வாரம் விடுப்பு எழுதி வாங்கி, மனைவி சுமதியையும் கூட்டிக்கொண்டு போனோம். அந்த விடுப்புக்கும் ஒரு படிவம் உண்டு, அதை விடுங்கள்.

மார்கழியும் தையும் மலையில் நல்ல குளிர். பத்து மணி வரை யாருக்கும் கைகால் வழங்காது. வெயில் முகம் காட்டியதும் பெரியவர், பிள்ளை என்றில்லாமல் எல்லோரும் களத்தில் வந்து நிற்பார்கள். கண்ணை மூடி முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டு, திரும்பி நின்று முதுகைக் கொடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம். பச்சைக் குழந்தையைக்கூட எண்ணெய் தேய்த்து அந்த வெயிலில் கிடத்துவார்கள். குளிர்கால வெயில் மருந்து என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே கிடையாது. சுட்டால்தானே அது கெட்ட வெயில்.

மிளகு பறிக்கும் காலமும் அதுதான். அக்கா வீட்டுக் களம் முழுக்கப் பச்சை மிளகு பரப்பிக் கிடந்தது. அந்த இதமான வெயிலிலேயே அது நாளுக்கு நாள் சுருங்கிக் கருத்துக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சீர்த் தட்டை யார் யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. முதல் தட்டு தாய்மாமன் வீட்டுப் பெண்பிள்ளை கையில் இருக்க வேண்டும். அது தாரணிதான் என்று நான் சொல்லிவிட்டேன். அவளுக்கும் ஆசை. தலையில் ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு களத்தில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் நாத்தனார் வாயில் வெற்றிலையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷிதான். யாரையும் புண்படுத்த வேண்டுமென்று பேசுகிறவர் இல்லை.

“ஏனுங்க மாமா, மொதத் தட்டை வேற புள்ளைகிட்டக் குடுத்தரலாமுங்களா? சபையில நாலு பேரு கைபட வாங்குவாங்க பாருங்க” என்றார்.

அங்கேயே எழுந்து, என் மகள் கையில் என்ன குறை என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் சொன்னதற்காக வந்த வெட்கம் இல்லை அது. தாரணியின் கையைப் பார்த்து வந்த வெட்கம். இதை எழுதும்போது விரல் கூசுகிறது. ஆனாலும் உண்மை இதுதான்.

4

சுமதி மறுநாள் தன் அம்மாவைப் பார்க்க நாமக்கல்லுக்கு இறங்கினாள். திரும்பி வர நாலு நாள் ஆகும் என்றாள். அவள் பஸ் ஏறிய பிறகு அக்கா ஒரு சின்ன மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அடிவாரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. கார்போக அரிசி என்ற விதையிலிருந்து எடுத்த எண்ணெய். வெள்ளைத் திட்டில் பூசி வெயிலில் உட்கார்ந்தால் நிறம் திரும்பும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு அந்தக் கடைசிப் பகுதியில்தான் நம்பிக்கை இல்லை.

“சித்தரை வெயிலுக்கு அஞ்சு நிமிசம்னா சரி. தை வெயிலுக்கு அது எப்படிப் பத்தும்? பச்சை மெளகே இந்த வெயில்ல நாலு நாள்ல கருத்துப் போயிருது. நம்ம புள்ள தோலு கருக்காதா, தம்பி?”

அவள் களத்தைக் காட்டிச் சொன்னாள். காலடியில் மிளகு கருத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் அதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாலு நாளில் கருத்தால் போதும் என்று நான் கணக்குப் போட்டேன்.

காலை பத்தரை மணிக்குத் தாரணியைக் களத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தேன். அவள் பையிலிருந்து சன்ஸ்கிரீனை எடுத்தாள். இந்தக் குளிர் வெயிலுக்கு அது வேண்டாம், இது உங்கள் ஊர்ப் பனி இல்லை என்றேன். ‘உங்கள் ஊர்’ என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் டியூபைத் திரும்பப் பைக்குள் போட்டாள். நான் பாட்டிலைத் திறந்து அவள் புறங்கையில் தடவினேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

“இது என்னப்பா?”

“தேங்காயெண்ணெய் கண்ணு. தோல் வறண்டு கெடக்குதல்ல.”

அவள் பின்னலைத் தூக்கிக் காட்டினாள். வழக்கம்போல, கேட்காமலே. பிடரியிலும் பூசினேன். முதல் நாள் முக்கால் மணி நேரம், இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல். அவள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடரி முழுக்க வெயிலுக்குத் திறந்து கிடந்தது. காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் எதுவும் சுடவில்லை.

5

என் தொழிலைச் சொல்ல வேண்டும். நான் வெல்டர். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் கற்றுக்கொண்டு, இப்போது இங்கே டிரெயிலர் பழுது பார்க்கும் பட்டறையில் இருக்கிறேன். வெல்டிங் வெளிச்சம் சூடாகத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மார்கழிக் காலையில், சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டு இன்னொருவர் வெல்டிங் பண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குளிருக்கு இதமாகக்கூட இல்லை. சாயங்காலம் கழுத்து சிவந்தது, இரண்டு நாளில் தோல் உரிந்தது. சூடு வேறு, வெளிச்சம் வேறு, சுடாத வெளிச்சமும் தோலைப் பொசுக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இங்கே பட்டறையில் புதிதாக வருகிறவர்களுக்குக் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். இருபது வருஷமாகத் தெரிந்த விஷயம் என் மகளைக் கட்டிலில் உட்கார வைத்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

இரண்டாம் நாள் சாயங்காலம் கை எரிகிறது என்றாள். தேங்காயெண்ணெய் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் பூசுங்கள் என்று அவளே சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு புறங்கையிலும் கொப்புளம். பிடரியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் நீர் கோத்து உப்பியிருந்தது. தலையணையில் ஈரம். அவள் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மலையிலிருந்து இறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. வாடகைக் கார் ஒவ்வொன்றிலும் திரும்பும்போது அவள் சீட்டில் சாய முடியாமல் முன்சீட்டைப் பிடிக்கவும் முடியாமல் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உடம்பால் சமாளித்தாள். அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். பாட்டிலை வாங்கி ஒரு முறை முகர்ந்தார். இந்த எண்ணெய் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் பல மடங்கு வெந்துபோகும், டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இதைத் தொடவே கூடாது என்றார். மலை உயரத்தில் வெயில் இன்னும் கடுமை, குளிர் இருப்பதால் உங்களுக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான் என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

தாரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னோடு பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். சாதாரணமாக நடுவில் ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை வரும், ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழில் பேசுவாள், எனக்குப் புரியவில்லை என்று நான் தப்பிக்கக் கூடாது என்பதற்காக. திரும்பும்போது காரில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“தேங்காயெண்ணெய்னு சொன்னீங்க.”

கல்யாணத்தன்று இரண்டு கையிலும் கட்டோடு அவள் அக்கா வீட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். முதல் தட்டை அந்த நாத்தனாரின் மகள் தூக்கினாள். நான் பட்டு வேட்டி கட்டி மேளத்துக்குப் பின்னால் நடந்தேன். வழி நெடுக, தாரணி எங்கே என்று கேட்டவர்களிடம் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் தாரணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த சுமதி எனக்குப் பக்கத்திலேயே நடந்தாள். நான் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

6

இங்கே வந்ததும் தோல் டாக்டரிடம் காட்டினோம். எப்படி ஆனது என்று கேட்டார். ஊரில் வெயில் அதிகம் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். தாரணி என்னை ஒரு முறை பார்த்தாள். மறுத்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிள்ளைகள் நலத் துறையிலிருந்து ஆள் வரும் என்று அவளுக்குத் தெரியும், பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தன் அப்பனைக் காப்பாற்றியிருக்கிறாள் என்பது எனக்கு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

காயம் ஆறியது. பிடரித் திட்டு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது என்று சுமதி சொன்னாள். காயம் பட்ட தோலில் வெள்ளை பரவுமாம். கருக்க வைக்கப் போய் வெளுக்க வைத்திருக்கிறேன். அக்கா போனில் ஒவ்வொரு முறையும், புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குது சாமி என்று கேட்கிறாள். பரவாயில்லை என்கிறேன். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் உண்மையாகவே நம்பினாள். பொய் சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

ஒரு வருஷமாகத் தாரணி காலையில் என்னிடம் டியூபை நீட்டுவதில்லை. சுமதி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்குக் காலை ஷிஃப்ட் இல்லாத நாளில் அவள் பூசிவிடுவாள். மற்ற நாளில் தாரணி ஒரு கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, முன்னால் இருக்கும் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தானே தடவுகிறாள். பாதி சட்டையில் ஒட்டிவிடும். நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் போனதில்லை.

என்னோடு சண்டையெல்லாம் இல்லை. நன்றாகத்தான் பேசுகிறாள், சிரிக்கிறாள். நான் தோசை சுட்டுத் தட்டில் போட்டால் மட்டும், இதுல என்ன போட்டிருக்கீங்க என்று கேட்டுவிட்டுத்தான் பிய்க்கிறாள்.

7

இவ்வளவையும் எழுதிவிட்டு, நேற்று சாயங்காலம் அந்தப் பெட்டியை நிரப்பினேன். முதலில், உறவினர் கொடுத்த எண்ணெய் என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, அக்காவைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் ஒளிந்திருப்பது தெரிந்தது. எழுதியதைக் கோடு போட்டு அடித்தேன். மீதியிருந்த இடத்தில் பொடி எழுத்தில் எழுதினேன். ஓரத்து வெள்ளையிலும் கொஞ்சம் ஏறிவிட்டது. என் ஆங்கிலத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இல்லை.

“இந்தியாவில் மலையில், குளிர்கால வெயிலில். வெயில் பட்டால் தோலைச் சுடும் எண்ணெயை நான் பூசினேன். என்ன எண்ணெய் என்று என் மகள் கேட்டாள். அவளிடம் பொய் சொன்னேன்.”

கையெழுத்துப் போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். தாரணி எடுத்துப் படித்தாள். மூன்றாம் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள்.

“இதை எங்க உடற்பயிற்சி சார் படிப்பார், தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

தெரியும் என்றேன். கேள்வி கேட்டு யாராவது வரலாம், வந்தால் வரட்டும் என்றேன். அவள் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இன்று காலை சுமதி ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு நல்ல வெயில். முன்வாசல் பனியெல்லாம் கண் கூச மின்னியது, வெளியே மைனஸ் பதினேழு. தாரணி கண்ணாடி முன்னால் நின்று முகத்துக்குப் பூசினாள், தாடைக்கு அடியில் பூசினாள், புறங்கையில் பூசினாள். கைக்கண்ணாடியை எடுத்தாள். அதைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். பிறகு சமையலறைக்கு வந்து டியூபை என் முன்னால் நீட்டினாள்.

நான் வாங்கி மூடியைத் திருகப் போனேன்.

“மொதல்ல இதுல என்ன இருக்குன்னு படிங்க” என்றாள். தமிழில்.

மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டேன். டியூபின் பின்னால் எறும்பு அளவு எழுத்து. ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன். வாயில் நுழையாத பெயர்கள். இரண்டு இடத்தில் அவள் உச்சரிப்பைத் திருத்தினாள், நான் திருப்பிச் சொன்னேன். கடைசிப் பெயர் வரை படித்து முடித்து நிமிர்ந்தேன். அவள் நகரவில்லை.

“அந்தப் பக்கம் எழுதியிருக்கறதையும்.”

அதையும் படித்தேன். எப்போது பூச வேண்டும், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை, கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும், எல்லாவற்றையும். அவள் அவசரப்படுத்தாமல் கேட்டாள்.

பிறகு திரும்பி நின்று பின்னலைத் தூக்கினாள்.

ஒரு வருஷமாக நான் பார்க்காத இடம். வெள்ளை, காதுமடலுக்குப் பின்னால் வரை ஏறியிருந்தது. அதன் நடுவில் கொப்புளம் உடைந்த இடம் மட்டும் ஒழுங்கில்லாமல் சுருங்கியிருந்தது. என் விரல் பட்டதும் அவள் தோள் ஒரு தடவை விறைத்தது. நான் கையை எடுத்துவிட்டேன்.

“சீக்கிரம்ப்பா, பஸ் வந்துரும்” என்றாள். கொஞ்சம் கழித்து, “காதுக்குப் பின்னாலயும்” என்றாள்.

காதுக்குப் பின்னாலும் பூசினேன்.